முன்னாள் புருஷனோடு ஒரே படகில்

நெல்டா ஸ்ப்ரேபெர்ரி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏழாம் நம்பர் வண்டி. காலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தால் ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளில் எல்லாம் நின்று நின்று, நாற்பத்தொரு பிள்ளைகளை ஏற்றி, எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவாள். மூன்று மணிக்கு மறுபடி ஏற்றி வீடுகளில் கொண்டுபோய் விடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தவறான வாசலில் இறக்கியதில்லை. ஒரே ஒரு முறை ஒரு ஆட்டுக்குட்டியை இறக்கியிருக்கிறாள். அது தானாக ஏறியது, யார் வீட்டு ஆடு என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு அவள் பழக்கமானது பேருந்தால் அல்ல. பக்ஹார்ன் ஏரியில் படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் என் கடை. தூண்டில், நரம்பு, புழு, பெட்ரோல், வேகவைத்த கடலை. போட்டி நாட்களில் மீனை எடைபோடும் தராசும் என் பொறுப்பு. அலபாமாவின் இந்த வடக்கு மூலையில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாதவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். சனிக்கிழமை பாஸ் மீன் பிடிக்கப் போகாதவனை ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரிக்கும்.

நெல்டாவின் புருஷன் கார்லண்ட் டீக் அந்த விசாரணைக்கு ஒருநாளும் ஆளானதில்லை. பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒரு சனிக்கிழமையையும் அவன் தவறவிட்டதில்லை. மாமியார் பிறந்தநாள், மச்சினி கல்யாணம், நெல்டாவுக்குப் பல் பிடுங்கிய நாள் எல்லாமே சனிக்கிழமையில்தான் வந்தன. எல்லா நாளும் அவன் தண்ணீரில்தான் இருந்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பொய் சொல்ல மாட்டான். ஆனால் வீட்டில் இருக்க மாட்டான். வார நாட்களில் இருக்கும்போதும் போன சனிக்கிழமையைப் பற்றியே பேசுவான். கடைசியில் நெல்டா ஒரு சனிக்கிழமை பார்த்துப் பெட்டி கட்டிக்கொண்டு அக்கா மாக்சீன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனது ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம்தான் அவனுக்குத் தெரிந்தது.

விவாகரத்தில் சாமான்களைப் பிரித்தபோது பெரிய படகு கார்லண்டுக்குப் போயிற்று. கொட்டகையில் கிடந்த பதினான்கு அடி அலுமினியப் படகு நெல்டாவின் தலையில் விழுந்தது. அதை விற்றுவிடத்தான் நினைத்தாள். வாங்க ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பேருந்தை முடித்துவிட்டு, தானே அதை வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு சரிவுக்கு வந்தாள். தண்ணீரில் இறக்கி, ஏறி உட்கார்ந்து, முப்பது அடி போயிருப்பாள். கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, படகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாவது போலத் தெரிந்தது.

“நெல்டா, அடைப்பான போட்டியா?” என்று கத்தினேன்.

“எந்த அடைப்பான்?” என்றாள்.

படகின் பின்பக்க ஓட்டையை அடைக்கிற கட்டைவிரல் அளவு ரப்பர் துண்டுதான். அது அவள் கால்சட்டைப் பையில் இருந்தது. ஏதோ கழன்று விழுந்த சாமான் என்று எடுத்து வைத்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே துடுப்பைப் போட்டுக் கரைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடைப்பானைப் போட்டு, மறுபடி இறங்கிப் போனாள். அன்றைக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. மறுநாளும் வந்தாள்.

இப்படி ஆரம்பித்தது பதினோரு வருஷம் ஓடிவிட்டது. எட்டரை மணியிலிருந்து இரண்டு மணி வரை, அதுதான் அவளுக்குக் கிடைத்த நேரம். பாஸ் மீன் விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் இரை எடுக்கும், உச்சி வெயிலில் தூண்டில் போடுகிறவன் கிறுக்கன் என்று எங்கள் ஆண்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். நெல்டாவிடம் உச்சி வெயில் மட்டுமே இருந்தது. அதனால் அந்த நேரத்து மீன் எங்கே போகும் என்று அவள் தேடிக் கண்டுபிடித்தாள். அது எங்கேயும் போவதில்லை, நிழலுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வீடுகளுக்கு முன்னால் தண்ணீருக்குள் நீளும் மரத்துறைகள் இருக்கின்றனவே, அவற்றின் அடியில், ஆகக் கடைசி மூலையில் போய் நிற்கும். அங்கே இரையைச் சேர்ப்பதுதான் வித்தை. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. குட்டைக் கோலைப் பக்கவாட்டில் வீசி, குளத்தில் சில்லு எறிந்து தவளை விடுவது போல, ரப்பர் புழுவைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் ரீலில் நரம்பு இடியாப்பமாகிவிடும். முதல் வருஷம் அவள் இடியாப்பம் பிரித்தே கழித்தாள். நான்காம் வருஷம் ஒரு மதியம் கடைக்கு எதிர்த்துறையில் அவள் வீசுவதைப் பார்த்தேன். புழு ஐந்து தத்து தத்தி, நிழலுக்குள் பூனை நுழைவது போலச் சத்தமில்லாமல் போயிற்று.

பிடித்ததை எல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். வாரம் இரண்டு பாக்கெட் பூசணிப்பச்சை நிறப் புழு வாங்கிப்போகிறாளே, ஒன்றும் கிடைக்காமலா இவ்வளவு செலவாகிறது என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு.

இனி அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஜூன் முதல் சனிக்கிழமையும் எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் இரட்டையர் போட்டி நடத்துவார்கள். படகுக்கு இரண்டு பேர். பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத பாஸ் ஐந்து, உயிரோடு கொண்டுவர வேண்டும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கேடயமும் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றும். அந்த வருஷம் நெல்டாவும் மாக்சீனும் பெயர் கொடுத்திருந்தார்கள். போட்டிக்கு முந்தின நாள் மதியம் நெல்டா கடைக்கு வந்தாள்.

“ஹாய்ட், எங்க பேர அடிச்சிடு.”

“ஏன், என்னாச்சு?”

“மாக்சீன் ரோஜாச் செடிய வெட்டப்போயி குளவிக் கூட்டுல கைய வச்சுட்டா. ரெண்டு கண்ணும் மூடிப்போச்சு. மூஞ்சி எப்படியிருக்குன்னு கண்ணாடி கேக்குறா. கொடுத்தா, தெரியலயேன்னு அழுவுறா.”

“நீ மட்டும் தனியா…”

“தனி ஆளு படகுல போகக் கூடாது. மூணாவது விதி” என்று கடலைப் பானைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கார்லண்ட். அவன் அங்கே நிற்பதை நான் மறந்தே போயிருந்தேன். விதி அவனுக்குத் தெரியாமல் இருக்குமா, போட்டியின் பதினெட்டு விதிகளையும் எழுதியவனே அவன்தான்.

அவனும் பெயரை அடிக்கத்தான் வந்திருந்தான். படகின் இயந்திரம் வெடித்து மெக்கானிக்கிடம் கிடந்தது. அது போதாதென்று, இருபது வருஷமாகக் கூடவே மீன் பிடித்த ட்வைட் ஸ்க்ரக்ஸ், இருநூற்றைம்பது குதிரைசக்திப் புதுப் படகு வாங்கிய தன் மச்சானோடு சேர்ந்துகொண்டான். கார்லண்டுக்கு அது இரண்டாவது விவாகரத்து. முதலாவதைவிட இதில்தான் ஆள் இளைத்துப்போனான் என்று ஊரில் பேச்சு.

நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். “ஒருத்தர்கிட்ட படகு இருக்கு, ஆளில்ல. இன்னொருத்தர் ஆளா நிக்கிறாரு, படகில்ல. நான் வேற ஒண்ணும் சொல்லல” என்றேன்.

நெல்டா கடலைப் பானைப் பக்கம் திரும்பாமலே என்னைப் பார்த்தாள்.

“ஹாய்ட், அந்த ஆளுகிட்ட கேளு, மூணு மணி வரைக்கும் வாய மூடிட்டு இருக்க முடியுமான்னு.”

“ஹாய்ட், அவகிட்ட சொல்லு, நான் இப்பல்லாம் முன்ன மாதிரி பேசுறதில்லன்னு.”

“ரெண்டு பேரும் நாலடி தூரத்துலதான நிக்கிறீங்க” என்றேன்.

நெல்டா திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். “என் படகு. நான்தான் ஓட்டுவேன். எங்க போகணும்னு நான்தான் சொல்லுவேன். ‘ரெண்டாயிரத்து ஒம்பதுல நான்’னு நீ ஆரம்பிச்சா எறக்கி விட்டுருவேன். சம்மதமா?”

“ரெண்டாயிரத்து ஒம்பதுல நான் கேடயம் வாங்கினது நிஜம்தான…”

“பாத்தியா ஹாய்ட்.”

“சரி, சரி. சம்மதம்” என்றான் கார்லண்ட்.

படகில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். இரண்டு கதையும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விடியலில் முப்பத்துநான்கு படகுகள் வரிசையில் நின்றன. பெரிய படகுகளுக்கு நடுவே நெல்டாவின் அலுமினியப் படகு கல்யாணப் பந்தலில் நுழைந்த சைக்கிள் மாதிரி இருந்தது. ட்வைட் பக்கத்தில் வந்து நிறுத்தினான். சிவப்பு மினுமினுப்புப் படகு.

“கார்லண்ட், டிரைவரம்மாகிட்ட பர்மிஷன் கேட்டுட்டு ஒக்காரு.”

“ட்வைட்டு, மெதுவா போ. உன் பையன் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எந்த வளைவுல வாந்தி எடுப்பான்னு எனக்குத் தெரியும். அது அப்பன் வழி சமாச்சாரம்னு உன் பொண்டாட்டி சொல்லியிருக்கா” என்றாள் நெல்டா.

ட்வைட்டின் மச்சான் சிரித்த சிரிப்பில் வரிசையே கலைந்தது. துப்பாக்கி வெடித்ததும் எல்லாப் படகும் அணைக்கட்டுப் பக்கம் பறந்தன. நெல்டா எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

“எல்லாரும் அங்க போறாங்க” என்றான் கார்லண்ட்.

“அதான் நாம இங்க போறோம்.”

அவள் போய் நிறுத்திய இடம் லெட்பெட்டர் வீட்டு வளைவுக்குக் கீழே, வில்லோ மரங்கள் தண்ணீர்மேல் கவிந்து கிடக்கும் கரை. பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த கடைசி நாள், வியாழக்கிழமை காலை, அந்த வளைவில் பேருந்தின் முன்கண்ணாடி முழுக்க மே பூச்சிகள் அப்பிக்கொண்டன. ஈசல் மாதிரி ஒரு நாள் வாழ்க்கைக்காகத் தண்ணீரிலிருந்து கிளம்பும் பூச்சிகள். மற்ற ஓட்டுநர்களாக இருந்தால் துடைத்துவிட்டுத் திட்டியிருப்பார்கள். நெல்டா துடைத்துவிட்டு இடத்தைக் குறித்துக்கொண்டாள். பூச்சி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் பிரீம் என்கிற சின்ன மீன் வரும். பிரீம் வந்தால் அதைத் தின்ன பாஸ் வரும்.

ஆனால் எட்டு மணி வரை ஒன்றும் வரவில்லை. கார்லண்ட் பின்பக்கம் உட்கார்ந்து, தன் பெரிய பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொய் இரையாக மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தான். உள்ளங்கை நீள மரமீன், சுழலும் தகடு, தாடி வைத்த ஈயம். பெட்டி காலியானதுதான் மிச்சம்.

“இங்க மீனில்ல நெல்டா. பூச்சிதான் இருக்கு.”

“வெயில் ஏறட்டும்.”

“வெயில் ஏறினா மீன் படுத்துடும்.”

“நீ படுக்கிறதுனா படு. கடலை திங்குறதுனா தின்னு.”

ஒன்பது மணிக்கு வெயில் மரங்களுக்கு மேலே வந்தது. நெல்டா படகைக் கிளைக்குப் பக்கத்தில் மெல்ல நகர்த்தி, தூண்டில் கோலின் பின்கட்டையால் ஒரு கிளையை ஓங்கி அடித்தாள். இரண்டு முறை. கார்லண்டுக்கு உயிரே போய்விட்டது. நாற்பது வருஷமாகப் படகில் தகர டப்பாவைக்கூடத் துணி சுற்றி வைக்கிறவன் அவன்.

“என்ன பண்ற நீ, மீன வெரட்டுறியா?”

“சாப்பாடு பரிமாறுறேன்.”

கிளையிலிருந்து பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்தன. ஒரு நிமிஷம் அமைதி. பிறகு ‘ப்ச்’ என்று ஒரு சத்தம். பிரீம் ஒன்று பூச்சியை உறிஞ்சியது. பக்கத்தில் இன்னொன்று. மழைத்தூறல் விழுவது போலத் தண்ணீர் முழுக்கச் சத்தம் பரவியது. அப்புறம், நடுவே, யாரோ வாளியைக் கவிழ்த்தது போலத் தண்ணீர் வெடித்தது. பாஸ்.

நெல்டா கட்டைவிரல் அளவு பொய் இரை ஒன்றைக் கிளைக்கு அடியில் வீசி, இழுத்து நிறுத்தி இழுத்தாள். இழுக்கும்போதெல்லாம் அது தண்ணீரைத் துப்பித் துப்பி நகரும். மூன்றாவது துப்பலில் மீன் கவ்வியது. மூன்றரைப் பவுண்டு. பத்து நிமிஷத்தில் இன்னொன்று. கார்லண்ட் தன் உள்ளங்கை நீள மரமீனை அதே இடத்தில் எறிந்தான். பிரீம் எல்லாம் கலைந்து ஓடின. மறுபடி எறிந்தான். அவள் மூன்றாவது மீனைப் படகின் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள்.

கார்லண்ட் தொண்டையைச் செருமினான். “நெல்டா.”

“ம்.”

“அந்தச் சின்னது இன்னொண்ணு வச்சிருக்கியா?”

“எந்தச் சின்னது?”

“அதான், அந்தத் துப்புறது.”

“நேத்திக்கு ராத்திரி உனக்கும் சேத்துதான் கட்டி வச்சேன். சீட்டுக்கு அடியில பாரு. நீ எப்பக் கேப்பன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒம்பதேமுக்கால். நான் பதினோரு மணின்னு நெனச்சேன். தேவலாம், திருந்திட்ட.”

அவனும் பிடிக்க ஆரம்பித்தான். ஆள் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. பதினொன்றரைக்குள் ஐந்து மீன் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சின்னதை விட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளும் வேலைதான். இடையில் சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். அவன் மாக்சீனின் கண்ணைப் பற்றி விசாரித்தான். அவள் அவனுடைய அம்மாவின் இடுப்பைப் பற்றி விசாரித்தாள். இரண்டாயிரத்து ஒன்பது ஒருமுறைகூட வரவில்லை என்று நெல்டா சொன்னாள். ஒருமுறை நாக்கு நுனி வரை வந்தது என்று கார்லண்ட் சொன்னான்.

மதியம் பூச்சி அடங்கியதும் நெல்டா படகைக் கோயில்காரர்கள் கோடை முகாம் நடத்தும் இடத்தின் பழைய மரத்துறைக்கு ஓட்டினாள். நீளமான துறை, அடியில் கும்மிருட்டு. குட்டைக் கோலை எடுத்துப் பக்கவாட்டில் வீசினாள். புழு தத்தித் தத்தி உள்ளே போய் மறைந்தது. கார்லண்ட் தன் கோலைக் கீழே வைத்துவிட்டான். அவள் வீசுவதை அவன் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை.

“இது யாருகிட்ட கத்துக்கிட்ட?”

“மத்தியானத்துகிட்ட” என்றாள்.

ஐந்தாவது வீச்சில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் கோலைத் தூக்கினாள். கோல் வளைந்தது வளைந்தபடியே நின்றது. உள்ளே எதுவோ ஒருமுறை தலையை உதறியது. அந்த உதறல் பின்பக்கம் உட்கார்ந்திருந்த கார்லண்டின் பலகை வரை வந்தது. மீன் ஒரு சுற்றுச் சுற்றி, நரம்பைக் கடைசித் தூணில் சுற்றிவிட்டது. தூணில் துருப்பிடித்த போல்ட். நரம்பு அதில் உரசுகிற ‘ற்ற்ற்’ சத்தம் இருவருக்கும் கேட்டது.

“இழுக்காத. தளர்த்தவும் செய்யாத” என்றான் கார்லண்ட்.

“அறுக்குது கார்லண்ட்.”

“தெரியுது.”

“அய்யோ, பெருசு இது. ரொம்பப் பெருசு.”

அவள் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் படகு ஒரு ஆட்டம் ஆடியது. கார்லண்ட் பூட்ஸோடு, தொப்பியோடு, பையிலிருந்த செல்போனோடு தண்ணீரில் குதித்துவிட்டான். மார்பளவுத் தண்ணீர். நரம்பைக் கையில் தடவிக்கொண்டே குனிந்து துறைக்கு அடியில் போனான். சிலந்திவலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. தூணிலிருந்து நரம்பை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் கையைவிட்டு, கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். அதன் வாய்க்குள் ஒரு சொம்பை வைத்துவிடலாம்.

இருவரும் அதையே பார்த்தார்கள். பிறகு கார்லண்டின் முகம் மெல்ல மாறியது.

“பதினாலாவது விதி” என்றான்.

“என்ன அது?”

“மீன எடுக்குறதுக்காகப் படக விட்டு எறங்கக் கூடாது. எறங்கி எடுத்தா அந்த மீன் கணக்குல சேராது. நான்தான் எழுதினேன்.”

நெல்டாவுக்கும் அது தெரியும். என் கடைச் சுவரில் தொங்குவதைப் பதினோரு வருஷமாகப் படித்திருக்கிறாள். “தெரிஞ்சுமா குதிச்ச?” என்று கேட்டாள்.

அவன் தண்ணீரில் நின்றபடி யோசித்தான். “நீ பெருசுன்னு சொன்ன. அறுந்துபோயி, அத நீ பாக்காமலே போயிட்டா உனக்கு எப்படி இருக்கும்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணும் தோணல.”

இதை என்னிடம் சொல்லும்போது நெல்டா, “முப்பது வருஷத்துல அந்த மனுஷனுக்கு என்னப் பத்தி மொதல்ல தோணினது அன்னிக்குத்தான் ஹாய்ட். தோணின இடத்தப் பாரு, சிலந்தி வலைக்குள்ள” என்றாள். சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தாள்.

கைத்தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது பவுண்டு பதினொரு அவுன்ஸ். அவள் தன் போனில் படம் எடுத்தாள். அவன் அதைத் தண்ணீரில் முன்னும் பின்னுமாக அசைத்து, செவுள் சீராக மூச்சு விடும்வரை பிடித்திருந்து, விட்டுவிட்டான். அது அவசரப்படாமல் இருட்டுக்குள் திரும்பிப் போயிற்று.

மூன்று மணிக்கு அவர்கள் கரைக்கு வந்தபோது ஊரே சரிவில் கூடியிருந்தது. கார்லண்ட் ஈரப் பூட்ஸோடு, நனைந்த சட்டைக்குப் பதில் ‘பேருந்து எண் 7’ என்று முதுகில் எழுதிய மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினான். எனக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. மீன்களை வாங்கித் தராசில் வைத்தேன். பதினேழு பவுண்டு பதினைந்து அவுன்ஸ். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அதுவரை வந்ததில் அதுதான் அதிகம். அடுத்தது ட்வைட். பதினெட்டு பவுண்டு இரண்டு அவுன்ஸ்.

பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ், ஆக வித்தியாசம் மூன்றே அவுன்ஸ். ஒன்றரைக் கோழிமுட்டை எடை. இருவரும் முகம் வாடுவார்கள் என்று பார்த்தால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஏன் கார்லண்ட், படகுலேருந்து விழுந்துட்டியா? இல்ல, தள்ளிவிட்டாளா?” என்று ட்வைட் கேட்டான்.

“விழுந்துட்டேன்” என்றான் கார்லண்ட்.

ஊர் விடுமா? நாற்பது வருஷ அனுபவம், மார்பளவுத் தண்ணீர், நீச்சல் வளையம் வாங்கித் தரலாமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நெல்டா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராக வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். நாற்பத்தொரு பிள்ளைகளை அடக்குகிற குரல் அது, மைக்கே தேவையில்லை.

“அவன் விழல. குதிச்சான்” என்றாள். நடந்ததை நாலு வரியில் சொன்னாள். போனைத் தூக்கிக் காட்டினாள். என் கடை டிவியை வாசல் பக்கம் திருப்பி, அதன் பெரிய திரையில் அந்தப் படத்தைப் போட்டோம். மார்பு வரை தண்ணீரில், மூக்கில் சிலந்திவலையோடு கார்லண்ட். அவன் கையில் அந்த மீன். எல்லாரும் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. நானும் கூட்டினேன். அவர்களின் ஆகச் சின்ன மீனுக்குப் பதில் அது தராசில் ஏறியிருந்தால் இருபத்துநான்கு பவுண்டு பதினான்கு அவுன்ஸ். பக்ஹார்ன் ஏரியில் இன்றுவரை யாரும் தொடாத எடை.

ட்வைட் தொப்பியைக் கழற்றினான். திரைக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் நின்றான். பிறகு நெல்டாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “இது எந்தத் துறைக்கு அடியில?” என்று கேட்டான்.

“தண்ணிக்கு அடியில” என்றாள் நெல்டா.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. கோயிலில் அடுத்த ஞாயிறே மூன்று பெண்கள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். மனசு மாறுகிற வயசுதானே, ஆளும் திருந்திவிட்டானே என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மாக்சீன்கூட, கண் திறந்த கையோடு, “என்னடி, மறுபடி அவன் துணிய தொவைக்கப் போறியா?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஒரே படகுல எட்டு மணி நேரம் தாங்குவேன். ஒரே வீட்டுல எட்டு நாளு ஆகாது. அவனுக்கும் அது தெரியும்” என்றாள் நெல்டா.

கார்லண்டிடம் நானே கேட்டேன். “நல்ல புருஷனா இருக்க எனக்குத் தெரியல ஹாய்ட். பின்சீட்டு ஆளா இருக்க வருது. வர்றத விடுவானேன்” என்றான்.

போட்டிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பதினான்காம் விதியை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. ட்வைட்தான் கொண்டுவந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று கார்லண்டே கை தூக்கினான். தன்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் குதித்தால் யாராவது மூழ்கித் தொலைவார்கள், விதி சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

கோடை முழுக்க வாரம் இரண்டு நாள் அவர்கள் சேர்ந்து போனார்கள். கார்லண்டுக்கு உச்சி வெயில் பழகிவிட்டது. பக்கவாட்டு வீச்சு மட்டும் இன்னும் வரவில்லை. அவன் ரீலில் விழும் இடியாப்பத்தை அவள் பிரித்துக் கொடுப்பாள், அவன் கோலை அவனிடம் நீட்டும்போது ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். அந்த மௌனம்தான் பொறுக்க முடியவில்லை, திட்டினால்கூடத் தேவலாம் என்று என்னிடம் வந்து புலம்புவான்.

அடுத்த ஜூனில் அவர்கள் நாலாவதாக வந்தார்கள். அதற்கடுத்த ஜூனில் இருபது பவுண்டு ஒரு அவுன்ஸ் எடை காட்டி ஜெயித்தார்கள். நான்தான் தராசில் நின்றேன். கேடயத்தை யார் வீட்டில் வைப்பது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஆறு மாதம் ஆறு மாதம் என்று முடிவாயிற்று. பன்றித்தொடையை மாக்சீன் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு நெல்டா தன் வண்டியிலும் கார்லண்ட் தன் வண்டியிலும் ஏறி, ஒருவர் பின்னால் ஒருவராக, நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரே மீன்வறுவல் கடைக்குச் சாப்பிடப் போனார்கள்.